நாலாவது பிடி

"பெருசா வேணுமா, சுத்தமா வேணுமா? அதை மட்டும் முதல்ல முடிவு பண்ணிடுங்கம்மா. மத்ததெல்லாம் தானா வழிக்கு வந்துடும்."

"ரெண்டும் வேணும்னா?"

"ரெண்டும் வேணும்னா பையனுக்கு இன்னும் பத்து வருஷம் கழிச்சுக் கல்யாணம் வெச்சுக்கலாம்."

"அதுக்குள்ள இவன் தலையில முடி இருக்காதேப்பா."

கடைசியாகப் பேசியவர் என் அம்மா இல்லை. காலையிலிருந்து அப்படி நடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். உண்மையில் அவர் என் முதலாளி. பத்தொன்பது வருஷம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவர். நகை தொலைந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்தே, நகை எந்த அலமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவது அவர் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். தெரிந்தவர்கள் எல்லோரும் அவரை சீனியர் என்பார்கள். என்னைக் கொசுறு என்பார்கள். அவரை அமர்த்திக்கொண்டால் நான் கூடவே வருவேன், தனிக் கட்டணம் கிடையாது.

அன்று காலையிலிருந்து நாங்கள் ஏறி இறங்கிய எட்டாவது நகைக்கடை அது. அதாவது எனக்கு எட்டாவது நிச்சயதார்த்தம். ஐந்தாவது கடையிலேயே பெண்ணின் நிறம், படிப்பு, சுபாவம் எல்லாம் எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஏழாவது கடையில் அவளை உண்மையாகவே காதலிக்கத் தொடங்கியிருந்தேன்.

டை கட்டிய விற்பனையாளர் கறுப்பு வெல்வெட் தட்டில் இரண்டு கற்களை வைத்தார். ஒன்று பெரியது. ஒன்று அதில் பாதி.

"பெருசு ஒரு கேரட். தூரத்துலேர்ந்தே தெரியும். ஆனா கொஞ்சம் மஞ்சள் ஓடும், உள்ள ரெண்டு மூணு புள்ளி இருக்கும். சின்னது அம்பது சென்ட். உள்ள பாத்தீங்கன்னா மழை விட்ட வானம் மாதிரி இருக்கும். ஒரு தூசி கிடையாது."

"மழை விட்ட வானத்தை யாரு லென்ஸ் வெச்சுப் பாக்கப்போறா? கல்யாணத்துக்கு வர்றவங்க பந்தியப் பாக்கறதா, புள்ளியப் பாக்கறதா?" என்றேன்.

"அதான் தம்பி விஷயம். கண்ணுக்குத் தெரியாத குறை குறையே இல்ல. நான் சொல்றேன் கேளுங்க. ஒரு கேரட் வேண்டாம், தொண்ணூறு சென்ட் எடுங்க. விரல்ல போட்டா யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனா கட்டிங் மட்டும் நல்லதா இருக்கணும். கட்டிங் மோசம்னா கல்லு அடியில தொப்பை போட்டுக்கிட்டு உக்காந்துடும். எடை இருக்கும், பளபளப்பு இருக்காது."

"என் சித்தப்பா மாதிரி."

சீனியர் பெரிய கல்லை இடுக்கியால் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். கடைக்குள் விளக்குகள் கூரை முழுக்க எரிந்தன. அந்த வெளிச்சத்தில் உடைந்த சீசாச் சில்லுகூட வைரம்போலத்தான் மின்னும். ஜன்னலுக்கு வெளியே பிற்பகல் மூன்று மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது. எதிர்க்கட்டடத்தின் சுவர் ஈரத்துணிபோலச் சாம்பல் நிறமாக நின்றது. அந்த வெளிச்சத்தில் கல் ஒரு கணம் அணைந்து, மூடிக்கொள்ளும் கண்போலத் தெரிந்தது.

"ஓரத்துல ஏதோ கீறல் மாதிரி இருக்கேப்பா."

"அதுக்கும் வழி இருக்கும்மா!" டைக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "குறை நடுவுல இருந்தாத்தான் வம்பு. ஓரத்துல இருந்தா அதிர்ஷ்டம். கல்லைக் கவ்விப் பிடிக்க நாலு தங்கப் பிடி வெக்கறோம் இல்லையா? அதுல ஒரு பிடிய அந்தக் குறை மேலயே உக்கார வெச்சிடுவார், மேல கல்லு பதிக்கற எங்க மாடிக்காரர். கல்லும் பெருசு, குறையும் கண்ணுல படாது. இந்த ஊர்ல அந்த வேலைக்கு அவரை விட்டா ஆள் கிடையாது."

சீனியர் தன் கைப்பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினார். விஷயம் சிக்கிவிட்டது என்று அதற்கு அர்த்தம். எனக்கும் அந்த ஜிப்புக்கும் மட்டும் தெரிந்த அர்த்தம்.

"அவரைப் பாக்க முடியுமா?"

*

முந்தின நாள் காலை எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பற்கள் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலை. விரல் நுனிகளில் வெள்ளை மாவு ஒட்டியிருந்தது. அக்காவும் அவளும் மட்டும்தான் வீட்டில். அக்காவைப் பெரியவ என்றாள், அதனால் நாங்கள் இவளைச் சின்னவள் ஆக்கிக்கொண்டோம்.

பெரியவளுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை நிச்சயமாகியிருந்தது. சின்னவள் தன் கைபேசியில் ஒரு படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். மோதிரம். கல் எடுப்பாக இருந்தது.

"கல்லக் கவ்வியிருக்கற இந்த நாலு பல்லையும் பாருங்க மேடம். மூணு பல்லு மெலிசு. நாலாவது மட்டும் தடிமன். இந்த மாதிரி ஒரு செட்டு நான் செஞ்சு அனுப்பினா டாக்டர் என் மூஞ்சியில எறிவார். ஆனா மத்த மூணும் எவ்வளவு நேர்த்தி பாருங்க. இது கை தவறி வந்ததில்ல. வேணும்னே செஞ்சது."

"மாப்பிள்ளை என்ன சொல்றார்?"

"குறையே இல்லாத கல்லாம். உனக்காகவே வாங்கினது, வேற யார் விரலும் படாததுன்னு சொன்னாராம். நான் இதைச் சொன்னதும் பெரியவ, உனக்குப் பொறாமைன்னுட்டா. நாலு நாளா என்கிட்ட பேசறதில்ல." அவள் கண்கள் நிறையவில்லை. குரல்தான் தேய்ந்தது. "பொறாமைதான்னு வெச்சுக்கங்க. பரவால்ல. ஆனா அவ ஏமாறக் கூடாது. அந்தக் கல்லோட கதை என்னன்னு மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க."

போகும்போது வாசலில் நின்று, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இன்னொன்றும் சொன்னாள். பெரியவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். மாப்பிள்ளை கண்ணாடி வாங்க வந்தவர். முதல் நாளே பேச்சுவாக்கில் தன் சுண்டுவிரல் மோதிரத்தைக் கழற்றி அவள் விரலில் போட்டுப் பார்த்தாராம். அளவெடுத்ததுபோல உட்கார்ந்ததாம். "இத்தனை நாள் உன்னத்தான் தேடிட்டிருந்தேன்" என்றாராம்.

"கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா முதல் நாளே யாராவது விரலுக்கு அளவு பாப்பாங்களா?" என்றாள் சின்னவள்.

*

மாடிப்படி ஓர் ஆள் மட்டும் ஏறும் அகலம். கீழே இருந்த கண்ணாடி, கம்பளம், வாசனை எதுவும் அங்கே இல்லை. காய்ந்த உலோக வாடை. ஒரே ஒரு மேசை, அதன் விளிம்பில் அரைவட்டமாக வெட்டிய பள்ளம், பள்ளத்துக்குக் கீழே பொன்தூள் விழுந்தால் தாங்குவதற்கு மடியளவு தோல். ஊதுகுழலில் நீலமாக ஒரு சின்னச் சுடர் சீறிக்கொண்டிருந்தது.

மாடிக்காரருக்கு நாற்பது வயது இருக்கலாம். வலக்கண்ணில் லென்ஸைச் செருகியே பழகியதால் அது பாதி மூடியபடி இருந்தது. டைக்காரர் எங்களை அறிமுகப்படுத்திவிட்டுக் கீழே போனார்.

"சொல்லுங்கம்மா. எந்தக் கல்லு?"

"கல்லு இன்னும் எடுக்கல. ஒரு சந்தேகம். அதான் வந்தேன்." சீனியர் மோதிரத்தின் படத்தை மட்டும் மேசையில் வைத்தார். "எங்க சொந்தத்துல ஒருத்தர் இந்த மாதிரி ஒண்ணு செஞ்சு வாங்கிட்டு வந்திருக்காங்க. பாருங்க, மூணு பிடி ஒரு மாதிரி, நாலாவது யானைக்கால் மாதிரி. எவனோ கத்துக்குட்டி கைவரிசை. என் பையனுக்கு இப்படி அமைஞ்சிடக் கூடாதேன்னு..."

"கத்துக்குட்டியா?"

அவர் படத்தைத் தொடவேயில்லை. தலைகீழாக இருந்த படத்தை நேராக்கக்கூட இல்லை. தன் கையெழுத்தை எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும் இல்லையா.

"அந்தப் பிடிக்குக் கீழ என்ன இருக்குன்னு தெரியுமாம்மா உங்களுக்கு? விளிம்புலேர்ந்து உள்ள போற கீற்று. மீன்முள் மாதிரி மெலிசு, நுனியில ரெண்டாப் பிரியும். பிடியில ஒரு நூல் குறைச்சிருந்தா அந்த ரெண்டாவது நுனி எட்டிப் பாத்துடும். ஒரு நூல் கூட்டியிருந்தா அவலட்சணம். அழுத்தம் கொஞ்சம் கூடினா கல்லே பொளந்துடும். கத்துக்குட்டியாம்! மூணு தடவை பதிச்சிருக்கேன், ஒரு தடவைகூட..."

நிறுத்திக்கொண்டார்.

"மூணு தடவையா?" என்றார் சீனியர். குரலில் எந்த மாற்றமும் இல்லை.

"இல்ல... பொதுவாச் சொன்னேன்."

"அண்ணே, பொதுவாச் சொல்றவங்க நிறையத் தடவைம்பாங்க. ஆயிரம் தடவைம்பாங்க. மூணுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றேன்.

"நீங்க கீழ போங்க. எனக்கு வேலை கிடக்கு."

சீனியர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இவனுக்கு அம்மா இல்ல."

"அப்பாடா" என்றேன்.

தான் யார் என்பதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொன்னார். மாடிக்காரர் முதலில் பார்த்தது எங்களை அல்ல, மாடிப்படியை. யாரும் வரவில்லை என்று தெரிந்ததும் சுடரை அணைத்தார்.

"கீழ தெரிஞ்சா என் வேலை போயிடும் மேடம். இங்க ஒரு தங்கக் கம்பி மேசைக்கு வரணும்னாலும் வேலைச் சீட்டு வேணும். அந்தக் கல்லுக்கு முதல் தடவை சீட்டு உண்டு. அடுத்த ரெண்டு தடவை கிடையாது. அதை வாங்கினவரே மதியச் சாப்பாட்டு நேரத்துல பின்வாசல் வழியா வந்து குடுப்பார். செஞ்சு குடுத்தேன்."

"ஏன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் தேடுகிற யோசனை இல்லை. வெட்கப்படுகிற யோசனை. "இருபது வருஷமா நான் செய்யற வேலையே வெளிய தெரியாம இருக்கறதுதான். தெரிஞ்சா தோல்வி. யாரும் பாராட்ட முடியாது. அவர் மட்டும் முதல் தடவை மாடி ஏறி வந்து, லென்ஸ வாங்கிப் பாத்து, என் கையப் பிடிச்சுக்கிட்டார். இது நம்ம ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ரகசியம்னார்."

"அது எப்போ?"

"ஆறு வருஷம் இருக்கும். அப்ப ஒரு பொண்ணும் கூட வந்திருந்தது. பஸ் கண்டக்டர். வேலை முடிஞ்சு அப்படியே வந்திருக்கும்போல, தோள்ல பை வார் அழுத்தின அடையாளம்கூட இருந்தது. கீழ முக்கால் மணி நேரம் ரெண்டு பேருக்கும் வாக்குவாதம், நான் படிக்கட்டுலேர்ந்து பாத்தேன். அந்தப் பொண்ணு சின்னக் கல்லுதான் வேணும்னுது. சின்னதா இருந்தாலும் பரவால்ல, உள்ள ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு. அவர் சிரிச்சுக்கிட்டே, உள்ள இருக்கறத யார் பாக்கப்போறாங்க, பெருசே இருக்கட்டும்னார். குரலே உயர்த்தல. கடைசியில அந்தப் பொண்ணு சரின்னுட்டுது."

"அப்புறம்?"

"ரெண்டு வருஷம் கழிச்சு மோதிரத்தோட தனியா வந்தார். வளையத்துக்குப் பின்னாடி வெட்டியிருந்தது. விரல் வீங்கிடுச்சு, கழட்ட முடியல, வெட்டித்தான் எடுக்க வேண்டியதாப் போச்சுன்னார். அதே கல்ல வெச்சுப் புது மோதிரம் கேட்டார். செஞ்சேன். போன மாசம் திரும்ப வந்தார். அதே கதை. அதே மாதிரி வெட்டு." அவர் தலையைச் சொறிந்தார். "சில பேருக்கு உடம்பு நீர் கோத்துக்கும் மேடம். நான் பெருசா நினைக்கல. கேள்வி கேக்கறது என் வேலையும் இல்ல."

"மோதிரம் எந்த அளவு?"

"பதினாலு."

"போன மாசம் செஞ்சதா?"

"ஆமா."

"நாலு வருஷம் முன்னாடி செஞ்சது?"

"அதுவும் பதினாலு."

"முதல்ல செஞ்சது?"

"அதுவும் பதி..." என்று ஆரம்பித்த மாடிக்காரர் பாதியிலேயே விட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்த தெருவில் நடந்துகொண்டிருப்பவன் திடீரென்று அது வேறு தெரு என்று உணர்ந்தால் அப்படித்தான் இருக்கும் முகம்.

"வெட்டி எடுக்கற அளவுக்கு வீங்கின விரல்" என்றார் சீனியர் மெதுவாக. "அந்த விரலுக்குப் புது மோதிரம் பெருசாத்தான கேட்டிருக்கணும்?"

"வீங்கின விரல் பத்தியம் இருந்து இளைச்சிருக்குமோ..." என்று ஆரம்பித்தேன். யாரும் சிரிக்கவில்லை. எனக்கும் வரவில்லை.

"பழைய வளையங்கள் எங்க?"

அவற்றைச் சீட்டு இல்லாமல் உருக்கவும் முடியாது, கடையில் காட்டவும் முடியாது. மேசைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். தொண்டைக்கு இதமான மிட்டாய் என்று மூடியில் எழுதியிருந்தது. உள்ளே பஞ்சில் சுற்றிய இரண்டு வளையங்கள், கல் இல்லாமல். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் வெட்டப்பட்டிருந்தன. பல் பிடுங்கிய ஈறுபோல நாலு காலிப் பிடிகள்.

சீனியர் லென்ஸ் கேட்கவில்லை. முதல் வளையத்தை விரல் நுனியால் தடவிப் பார்த்து என்னிடம் கொடுத்தார். உள்ளங்கைப் பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது.

"நாள் முழுக்க இரும்புக் கம்பியப் பிடிச்சுட்டு நிக்கற கை" என்றேன்.

"அது கண்டக்டர். இது?"

இரண்டாவது வளையம் துளிகூடத் தேயவில்லை. ஆனால் பிடிகளின் ஓரம் அரித்து, மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன.

"பிளீச்சிங் தண்ணி" என்றார் மாடிக்காரர். குரல் தாழ்ந்திருந்தது. "ஆஸ்பத்திரி, சலவைக்கூடம், அந்த மாதிரி இடத்துல தரை கழுவறவங்க மோதிரம் இப்படித்தான் வரும். அப்பவே பாத்தேன். பாத்துட்டு... அந்தப் பொண்ணு வேலை மாத்திடுச்சுன்னு நினைச்சேன். ஒரே பொண்டாட்டி, மூணு டிசைன். அப்படித்தான் நினைச்சேன் மேடம்."

சீனியர் தன் கைபேசியில் இன்னொரு படத்தைத் திறந்தார். நிச்சயதார்த்தத்தன்று எடுத்தது. பெரியவள் கொஞ்சம் கூச்சத்தோடு கையை நீட்டியிருக்கிறாள். பக்கத்தில் மாப்பிள்ளை, அடக்கமான சிரிப்பு.

"இவர்தானா?"

"இவர்தான்."

"பக்கத்துல?"

அவர் படத்தின் மேல் குனிந்தார். மூடியிருந்த வலக்கண் முழுசாகத் திறந்துகொண்டது.

"இது அந்தப் பொண்ணு இல்லயே" என்றார்.

கீழே யாரோ வாடிக்கையாளர் சிரிக்கும் சத்தம் கேட்டது. டைக்காரர் பெருசா, சுத்தமா என்று இன்னொரு குடும்பத்திடம் ஆரம்பித்திருந்தார்.

"கல் மாறல. அளவும் மாறல" என்றார் சீனியர். "விரல்தான் மாறிக்கிட்டே இருக்கு. எல்லாரும் விரலுக்கு ஏத்த மோதிரம் தேடுவாங்க, கொசுறு. இந்த ஆள் மோதிரத்துக்கு ஏத்த விரல் தேடியிருக்கான்."

"எதுக்கு சீனியர்? வளையம்தான் புதுசா செய்யறானே. எந்த அளவுல வேணும்னாலும் செய்யலாமே?"

"தெரியல. தெரிஞ்சுக்கணும்னும் தோணல." அவர் இரண்டு வளையங்களையும் பஞ்சில் வைத்தார், தூங்குகிறவர்களைக் கிடத்துவதுபோல. "அவன் மனசுல ஒரே பொண்ணுதான் இருக்காளோ என்னவோ."

கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டேன். "விரல் எதனால அப்படி வீங்கும்?"

பதில் வருவதற்குள் என் கைபேசி அதிர்ந்தது. சின்னவள்.

"அண்ணா, அவங்க கிளம்பிட்டாங்க." மூச்சு வாங்கியது. ஓடிக்கொண்டே பேசுகிறாள். "ஆறு மணிக்கு வேலை முடிஞ்சு போறதாத்தான் இருந்தது. நான் சும்மா அவ கடைக்கு ஃபோன் பண்ணினேன். ரெண்டு மணிக்கே லீவு சொல்லிட்டுப் போயிட்டாளாம். கல்யாணத்துக்கு அப்புறம் இருக்கப்போற வீட்டக் காட்டறேன்னு கூட்டிட்டுப் போயிருக்கார்."

"வீடு எங்க?"

"ஏதோ ஏரிக்கரையாம். கடையில பொண்ணுங்ககிட்ட ஆசையாச் சொல்லிட்டுப் போயிருக்கா. ஜன்னலத் திறந்தா தண்ணிதானாம்."

நான் சீனியரைப் பார்த்தேன். விரல் எதனால் வீங்கும் என்ற என் கேள்விக்குத் தண்ணீர்தான் பதில் என்று அவருக்கும் தெரிந்தது.

"எந்த ஏரின்னு கேளு."

"தெரியாது அண்ணா. நான் ஒன்பது தடவை கூப்பிட்டேன். என் நம்பரப் பாத்தாலே எடுக்க மாட்டேங்கறா."

"நீ அவ கடைக்குப் போ. வேற யார்கிட்டயாவது வழி சொல்லியிருக்காளான்னு கேளு. ஏதாவது தெரிஞ்சா உடனே கூப்பிடு."

சீனியர் அதற்குள் தனக்குத் தெரிந்த காவல் அதிகாரியை அழைத்துவிட்டார். மாப்பிள்ளையின் பெயர், வண்டி எண், எல்லாம் சொன்னார். கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வண்டிகள் ரெடியா இருக்காம். எந்தப் பக்கம் அனுப்பறதுன்னு கேக்கறார். இந்த ஊரச் சுத்தி பதினோரு ஏரி இருக்கு."

"பதினொண்ணுக்கும் அனுப்பச் சொல்லுங்க!"

"அனுப்புவாங்க. நேரம் பத்தணுமே." அவர் மாடிக்காரர் பக்கம் திரும்பினார். "பெரியவ தங்கச்சி ஃபோன எடுக்க மாட்டா. தெரியாத நம்பர எடுப்பா. நகைக்கடைன்னா கண்டிப்பாப் பேசுவா, அந்த மோதிரத்து மேல அவ்வளவு ஆசை. நீங்க கூப்பிடுங்க. கல்லு பதிச்சவன் பேசறேன், ஒரு பிடி சரியா இறுகலைன்னு சந்தேகமா இருக்கு, எந்த நேரமும் கல்லு விழுந்துடும், எங்க இருக்கீங்க, நானே வர்றேன்னு சொல்லுங்க. இடம் மட்டும் தெரிஞ்சா போதும்."

மாடிக்காரர் பின்னால் நகர்ந்தார். நாற்காலி சுவரில் இடித்தது.

"நான் பதிச்ச கல்லு விழும்னா? என் வாயாலயா?"

"ஒரு பொய்தான்."

"மேடம், நான் கூப்பிட்டா அவருக்குத் தெரிஞ்சுடும். அந்த நம்பர் எனக்கு எப்படி வந்ததுன்னு கேப்பார். அவருக்கு இந்தப் படி தெரியும். என் வீடும் தெரியும், முதல் மோதிரத்துக்கு வீட்டுக்கே வந்து நன்றி சொல்லிட்டுப் போனார். எனக்குப் பொண்டாட்டி இருக்கா. ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

நான் எதையாவது சொல்லிச் சூழ்நிலையை இலேசாக்கும் ஆள். அதற்குத்தான் சம்பளம். இந்த முறை தகர டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நகர்த்தி வைத்தேன்.

அவர் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றார். சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். மழை ஆரம்பித்திருந்தது. கடைசியில் தட்டையாகத் தேய்ந்த முதல் வளையத்தை எடுத்துத் தன் சுண்டுவிரல் நுனியில் மாட்டிக்கொண்டார்.

"சின்னதா இருந்தாலும் பரவால்லன்னுதான் சொல்லுச்சு அந்தப் பொண்ணு" என்றார். பிறகு கையை நீட்டினார். "நம்பர் சொல்லுங்க."

சீனியர் பெரியவளின் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியைப் போட்டு, கைபேசியை மேசைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்தார். மணி அடித்தது. நாலு முறை. ஐந்து. மயிரிழை நடுங்காமல் வைரத்தில் வேலை செய்யும் அந்தக் கைகள் முழங்கால்களுக்கு நடுவே ஒன்றையொன்று இறுக்கிக்கொண்டிருந்தன.

ஏழாவது மணியில் எடுத்தார்கள்.

"ஹலோ."

ஆண் குரல். மென்மையான, அவசரமில்லாத குரல். பின்னணியில் வண்டிச் சத்தம் இல்லை. மழைச் சத்தம் இருந்தது, தகரத்தில் விழுவதோ மண்ணில் விழுவதோ அல்ல. அகலமான, கரையில்லாத சத்தம்.

மாடிக்காரர் சீனியரைப் பார்த்தார். சீனியர் தலையசைத்தார்.

"சார்... நான் மாடியிலேர்ந்து பேசறேன். கல்லு பதிக்கறவன்."

"அட, நீங்களா! என்ன விசேஷம்? இந்த நம்பர் எப்படிக் கிடைச்சது?"

"கடையில... கீழ குடுத்தாங்க சார். அந்த மோதிரத்துல ஒரு பிடி சரியா இறுகலைன்னு தோணுது. கல்லு விழுந்துடும். நீங்க எங்க இருக்கீங்கன்னு சொன்னா நானே இப்ப வந்து..."

"உங்க வேலையில அப்படி நடக்காதே." ஒரு சிறு சிரிப்பு. "பதற வேண்டாம். நாளைக்கு நானே கொண்டுவந்து தர்றேன்."

சீனியர் ஒரு காகிதத்தில் வேகமாக எழுதி நீட்டினார்: *பேசிக்கொண்டே இருங்கள். இடம்.* அவர் அதைப் படிக்கவில்லை. கைபேசியின் மேல் குனிந்தார், கல்லின் மேல் குனிவதுபோல, மூச்சுப் படும் தூரத்துக்கு.

"சார்" என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட ஒரு நிமிஷம் ஃபோனக் குடுங்க சார்."